நாக்கு ஓவர்சியர்

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தபோது அவர் மண் தின்றுகொண்டிருந்தார்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள் அது. வரைபடச் சுருள் ஒன்றைக் கொடுத்து, சந்தை கட்டுகிற இடத்தில் ஓவர்சியர் இருப்பார், அவர் கையில் சேர்த்துவிட்டு வா என்று அனுப்பியிருந்தார்கள். அலுவலகத்தில் எனக்கு ட்ரேசர் உத்தியோகம். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் ட்ரேசிங் தாளை விரித்து மையால் கோடிழுத்து எடுக்க வேண்டும். நான் போனபோது தூத்துக்குடி வெயில் மண்டையைப் பிளந்தது. மணல் லாரி ஒன்று நின்றிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு அந்த மணல் மேல் குப்புறப் படுத்திருந்தார். வலது கை தோள்பட்டை வரை மணலுக்குள் போயிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்தார். அதில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். லாரிக்காரன் கீழே கைகட்டி நின்றான்.

துப்பினார்.

"கடலு ஏறியிருக்கு. திருப்புல வண்டிய."

"அண்ணாச்சி, ஆத்து மணலு. சத்தியமா ஆத்து மணலு."

"மேல ஒரு சாணு ஆறு. கீழ முழுசும் கடலு. யாருகிட்டலே காட்டுத?"

லாரி திரும்பிப் போயிற்று. அவர் இறங்கி வந்து பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புது ட்ரேசரா? எந்த ஊரு தாயி?"

"நாசரேத்து சார்."

"டீச்சர் மவளா?"

"எப்படி சார் தெரியும்?"

"நாசரேத்துல டீச்சரத் தவிர வேற யாரு இருக்கா?"

அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. ஊரில் அவருக்கு நாக்கு ஓவர்சியர் என்று பெயர். கேலியாக ஆரம்பித்து மரியாதையாக மாறிப்போன பெயர் அது.

அந்த வருடங்களில் புதுத் துறைமுகத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. நல்ல மணலுக்கு ஊரெல்லாம் தட்டுப்பாடு. தாமிரபரணியில் இருந்து மணல் கொண்டுவர வேண்டும் என்பது ஒப்பந்தம். காண்டிராக்டருடைய ஆட்கள் அடியில் கடற்கரை மணலை நிரப்பி, மேலே ஆற்று மணலைத் தூவிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சோதனைச்சாலைக்கு மாதிரி அனுப்பினால் பதில் வருவதற்குள் மணல் கூரையாகிவிடும். அதனால் எல்லாரும் அவர் நாக்கை நம்பினார்கள்.

கட்டிக்கொண்டிருந்தது ஒரு மூடிய சந்தை. காய்கறி, பழம், மீன், கருவாடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. சென்னையில் இருந்து வந்த கட்டடக் கலைஞர் ஒருவர் போட்ட படம். ஏழு காங்கிரீட் வளைவுகள், முத்துச்சிப்பி ஓடுகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்ததுபோல. ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீளமாகக் கண்ணாடி. வெளிச்சம் மட்டும் உள்ளே வரும், வெயில் வராது. கடல் பக்கச் சுவர் முழுக்கத் துளைகள், காற்று புகுந்து போவதற்கு. முதல் மூன்று வளைவின் கீழே காய்கறி, மற்ற நான்கின் கீழே மீன். அந்தப் படத்தை மையில் எடுத்தவள் நான். எடுத்து முடித்த அன்று எனக்கு உண்மையாகவே கர்வமாக இருந்தது.

வளைவின் கனம் மூன்று அங்குலம்தான். அதைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"இது கூரையில்ல தாயி, அப்பளம். அப்பளத்துக்குள்ள கம்பிய வச்சிருக்கான். உப்புப் பட்டா கம்பி துருப்பிடிச்சு வீங்கும். வீங்குனா அப்பளம் நொறுங்கும். நொறுங்குனா யாரு தலையில விழும்?"

மீன்காரிகளின் தலையில். அதற்காகத்தான் அவர் வாயைக் கட்டி வாழ்ந்தார். வெற்றிலை கிடையாது, பீடி கிடையாது. காப்பியை ஆடை படிகிற வரை ஆறவைத்துத்தான் குடிப்பார். மிளகாய் தொடமாட்டார். அவர் வீட்டில் குழம்பு வைப்பதும் பச்சைக் குழந்தைக்குச் சோறு குழைப்பதும் ஒன்று என்று அவர் மனைவி என்னிடமே அலுத்துக்கொண்டதுண்டு. குடிப்பது ஆற்றுத் தண்ணீர் மட்டும். தினமும் முதல் பஸ்ஸில் வருகிற தெரிந்த கண்டக்டர் இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுப்பார். மத்தியானம் சைட் கொட்டகையில் என் தூக்குச்சட்டியில் இருந்து ஒரு கவளம் வாங்கித் தின்றுவிட்டு, "சோறு குழாத்தண்ணியில வடிச்சிருக்க. குழம்பு கிணத்துத் தண்ணி. சரியா?" என்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

காங்கிரீட் கலக்கவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதம் ஊர்ச் சண்டையாகவே ஆயிற்று. கோடை. குழாயில் காற்றுதான் வந்தது. சைட்டுக்குத் தண்ணீர் லாரி வந்து நின்றதும் பெண்கள் குடத்தோடு சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் குருசம்மாள். இருபது வருடமாக ரோட்டோரத்தில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மீன் விற்றவள். கட்டடம் முடிந்ததும் உள்ளே உட்காரப்போகிறவள்.

"மனுசருக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, சிமிட்டிக்கு நல்ல தண்ணியா? வெளங்குமாய்யா இது?"

"நீ இன்னைக்குக் குடிச்சா நாளைக்கு மறுபடியும் தவிக்கும். இது ஒருக்கா குடிச்சா ஒம் பேத்தி காலம் வரைக்கும் நிக்கும்."

"எம் பேத்தி தவிச்சுச் செத்துட்டா, யாருய்யா இங்கன வந்து மீன் விப்பா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள். அவர் லாரிக்காரனிடம், எல்லாருக்கும் ஆளுக்கொரு குடம் பிடித்துவிடச் சொன்னார். மிச்சத் தண்ணீர் போதாது என்று அன்றைக்கு வேலையையே நிறுத்தினார். கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றி முடித்துவிடலாமே என்ற காண்டிராக்டரை அவர் பார்த்த பார்வையில் அந்த ஆள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சென்னைக்காரர் படத்தில் மீன் வைக்கும் மேடை இடுப்பு உயரம் இருந்தது. மீனை மேடையில் பரப்பிவிட்டு விற்பவள் பின்னால் நிற்பாள் என்று அவர் நினைத்திருந்தார். ஓவர்சியர் படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "எவ நிப்பா? ஏறி மேடைமேலே உக்காந்துகிட்டு மீன கீழ போடுவாளுவ." மேடையை முழங்கால் உயரத்துக்குக் குறைத்து, பின்னாலேயே கால் மடக்கி உட்கார ஒரு திட்டும் சேர்த்து, என்னைப் புதிதாக வரைந்து தரச் சொன்னார். சென்னைக்குக் கடிதம் போட்டு அனுமதியும் வாங்கினார்.

கடைக்கோடிச் சுவரில் பெரிய சித்திரம் ஒன்று வந்தது. சிப்பி ஓடு, சங்குத் துண்டு, உடைந்த ஓடு இவற்றைப் பதித்துச் செய்தது. வெளியூர் ஓவியர் ஒருவர் சாரத்தில் நின்று மாதக்கணக்கில் பதித்தார். ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் கடல். கடலுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் முத்துக் குளிக்க இறங்குகிறான். நன்றாகத்தான் இருந்தது. குருசம்மாள் கூடையோடு வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மேல கயித்தப் பிடிச்சிருக்கது யாரு?"

யாரும் இல்லை. கயிறு மேலே போய் நீலத்தில் முடிந்திருந்தது.

"மச்சான் கயித்தப் பிடிக்காம எவன் முங்குவான்? பொண்டாட்டிகூடப் பிறந்தவன்தான் பிடிக்கணும். அவனுக்குத்தான் அக்கா தாலி மேல அக்கறை இருக்கும். எங்க அப்பா ஒத்தைக்கு முங்குனவரா?"

ஓவியர் முழித்தார். ஓவர்சியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "மச்சானப் போட்டுருங்க சார், இல்லன்னா சந்தைய நடத்த விடமாட்டாளுவ" என்றார். கருஞ்சிப்பியில் ஒரு படகும், அதில் குனிந்து கயிற்றை இறுக்கிப் பிடித்த ஒருவனும் சுவரில் ஏறினார்கள். அவர் சிரித்து நான் பார்த்த கடைசித் தடவை அது.

மூன்று வளைவு முடிந்த சமயம் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் படுத்துவிட்டு, கழுத்தெலும்பு தெரியத் திரும்பி வந்தார். வந்த அன்றே லாரியில் ஏறிப் படுத்தார். சிட்டிகை மண், கண் மூடல், துப்பல். நாலாவது வளைவுக்கு மணல் இறங்கத் தொடங்கியது.

ஒரு நாள் ஒரு லாரியைத் திருப்பச் சொன்னார். டிரைவர் வயசாளி. "ஸ்ரீவைகுண்டத்துல நானே நின்னு அள்ளுனது அண்ணாச்சி" என்று கண் கலங்கிச் சொன்னான். தன் வாயில் ஒரு பிடி போட்டு மென்று, "எங்க உப்பு? எங்க உப்பு?" என்று நின்றவர்களிடம் நீட்டினான். மேஸ்திரி வாயில் போட்டுப் பார்த்து, "லேசா இருக்கத்தான் செய்யி" என்றார். கொத்தனார்கள் இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். கடைசியில் அந்த டிரைவரே மறுபடி கொஞ்சம் போட்டுப் பார்த்து, குழம்பி, "இருக்கும் போலத்தான் தெரியி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். நானும் பார்த்தேன். எனக்கு உப்புத் தெரியவில்லை. ஆனால் இந்த ஊரில் சும்மா உதட்டை நக்கினாலே உப்பு. அவர் சொன்ன பிறகு என் நாக்கை நான் எப்படி நம்புவது?

அடுத்த வாரம் காலை அவசரத்தில் புளிக்குழம்புக்கு நான் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். எனக்கு அது தெரியாது. மத்தியானம் வழக்கம்போல அவருக்கு முதலில் கொடுத்தேன். பிசைந்து முழுக்கத் தின்றார்.

"நல்லா இருக்கு தாயி."

பிறகு நான் ஒரு வாய் வைத்தேன். கொட்டகைக்கு வெளியே ஓடிப்போய்த் துப்பினேன். திரும்பி வந்தபோது அவர் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எச்சில் கை காய்ந்துகொண்டிருந்தது.

"எத்தன நாளா சார்?"

"காய்ச்சலுக்குப் பொறவு. ஒண்ணும் தெரியல. சீனி, உப்பு, மண்ணு எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. திரும்பிரும்னு டாக்டர் சொல்லுதாரு."

"அப்போ நாலாவது வளைவு?"

"டிரைவர் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்."

இன்ஜினியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார் என்றேன். அவர் என் காலைத் தொட வந்துவிட்டார். என் அப்பா வயது. நான் துள்ளி விலகினேன்.

"வாயத் தொறந்துராத தாயி. இந்த நாக்கு இல்லன்னா என்னைய யாரு மதிப்பா? நான் போயிட்டா கடலையே அள்ளிக் கொட்டிருவானுவ. நாலாவது போனாலும் மிச்சம் மூணையாவது காப்பாத்தணும்லா?"

அதில் பாதி பயம், பாதி நியாயம். நான் நியாயத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால் எனக்கும் பயம்தான், வேலை நிரந்தரமாகவில்லை. எதற்கும் துணிந்தவள் மாதிரி, "நான் பாக்கேன் சார்" என்றேன். "உங்க நாக்குக்குப் பதிலா என் நாக்கு."

அப்படியே ஏற்பாடாயிற்று. லாரி வந்ததும் மாதிரிக்கு என்று நான் ஒரு பொட்டலம் மணல் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போவேன். ருசித்துவிட்டு வெளியே வருவேன். உப்பு என்றால் குடையை விரித்துக்கொண்டு வருவேன். இல்லையென்றால் மடக்கியபடி. அதன் பிறகு அவர் ஏறிப் படுத்து, கையை விட்டு, கண்ணை மூடித் துப்புவார். அந்த நடிப்பைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. முன்னைவிட அதிக நேரம் கண்ணை மூடினார். ஏதாவது தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே தேடினார் என்று நினைக்கிறேன்.

ஆற்றுத் தண்ணீர் பாட்டில்களில் ஒன்றைத் தினமும் எனக்குக் கொடுத்தார். "இதுலதான் கொப்பளிக்கணும். குடிக்கதும் இதுதான். கிணத்துத் தண்ணி பட்டா நாக்கு மரத்துப்போகும். பாத்துக்கோ."

சரி சார் என்றேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது. நான் குடியிருந்த வரிசை வீட்டு வளவில் அடுத்த வீட்டுப் பெண் ஏழு மாசம். அவள் கணவன் ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை, வாரம் ஒரு தடவை வருவான். அவளுக்குக் கால் வீங்கிப் போயிருந்தது. உப்பில்லாத தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தெருக்குழாய் வறண்டபின் வளவில் கிணறு மட்டும்தான், அது கரித்தது. முதல் நாள் அந்தப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் எடுத்தேன். துப்ப மனம் வரவில்லை. ஐந்து நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத ஊரில், நல்ல தண்ணீரை வாயில் ஊற்றி மண்ணில் துப்ப எனக்குத் தெம்பு இல்லை. விழுங்கினேன். மூடினேன். சாயங்காலம் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். என் நாக்கைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, அஞ்சு, ஆறு, ஏழு என்று மூன்று வளைவுக்கும் மணல் பார்த்தேன். உப்புக்குப் பழகிய நாக்குக்கு உப்பு எங்கே தெரியும்? நான் அதை யோசிக்கவே இல்லை. குடை விரிந்தது மிகக் குறைவு. நல்ல மணல்தான் வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சந்தை திறந்தது. மாலை, மேளம், பேச்சு. கண்ணாடி வழியாக வெளிச்சம் பட்டைபட்டையாக இறங்கி மீன்மேல் விழுந்ததைப் பார்க்க வெளியூரில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். இடம் ஒதுக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். குருசம்மாளுக்கு நாலாவது வளைவின் கீழ், சுவர்ச் சித்திரம் நேராகத் தெரிகிற இடம் விழுந்தது. தன் அப்பாவே எதிரில் முங்குகிற மாதிரி இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னாள்.

ஓவர்சியர் அதற்குள் அலுவலகத்தில் யார் யாரையோ பிடித்து, நாலாவது வளைவின் கீழே ஐஸ் பெட்டிகள் மட்டும் வைப்பது என்று உத்தரவு வாங்கிவிட்டார். அங்கே சீட்டு விழுந்தவர்களை மற்ற வளைவுகளுக்கு மாற்ற வேண்டும். காரணம் சொல்ல முடியாது. குருசம்மாள் கூடையைத் தரையில் அடித்தாள்.

"ரோட்டுல இருந்து உள்ள கூப்பிட்டது இப்பிடி மூலையில தள்ளதுக்கா? யாருகிட்டய்யா காசு வாங்கிட்டிய?"

"சொன்னாக் கேளு தாயி. ஆறாவது வளைவுல நல்ல இடம் தாரேன். காத்து நல்லா வரும்."

"உம்ம காத்தும் வேண்டாம், நீரும் வேண்டாம்! மாதா பாத்துக்கிட்டுதான் இருக்கா. உம்ம வாயி அவிஞ்சு போகும்!"

சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் கூடையைத் தானே தூக்கிக் கொண்டுபோய் ஆறாவது வளைவின் கீழே வைத்தார். திரும்பி வரும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உன் நாக்கு பாத்த வளைவு. அங்கன பயமில்ல."

இரண்டாவது ஐப்பசி மழை முடிந்த வாரம், குருசம்மாள் அவரைத் தேடி அலுவலகத்துக்கே வந்தாள். அதற்குள் கோபம் ஆறி, அவருக்கென்று நல்ல மீன் எடுத்துவைக்கிற அளவுக்குச் சிநேகமாகியிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காங்கிரீட் செதிலை மேஜைமேல் வைத்தாள்.

"கூடையில விழுந்துச்சுய்யா. மீன் செதிலு இல்ல, உங்க கூரைச் செதிலு" என்று சிரித்தாள்.

அதன் உள்பக்கத்தில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது.

நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். ஆறாவது வளைவின் நடுவில், கம்பி போகிற வாட்டத்திலேயே, துருக்கறை நீளமாக இறங்கியிருந்தது. ஏணி வைத்து ஏறி அவர் விரலால் தட்டினார். உள்ளே கூடாக இருப்பதுபோல் பொத்தென்று சத்தம் கேட்டது. கீழே முப்பது பெண்கள் மீன் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் நான் அவரைத் துளைச்சுவர் ஓரமாகக் கூப்பிட்டுப்போய், பாட்டில் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அந்தப் பிள்ளைக்குக் குழந்த நல்லபடியா பொறந்துச்சா?" என்று கேட்டார்.

"பொம்பளப்பிள்ள சார். நல்லா இருக்கு."

"சரி. நீ போ."

அவர் இன்ஜினியரிடம் போனார். மழை ஈரம்தான், சுண்ணாம்பு அடித்தால் போய்விடும் என்றார் இன்ஜினியர். தன் நாக்கு மரத்துப்போனதை ஓவர்சியர் சொன்னபோது, "உங்க நாக்கு தப்புமா? உடம்பைப் பாத்துக்கிடுங்க" என்று தோளில் தட்டி அனுப்பினாராம். எட்டு நாள் அலைந்தார். ஒவ்வொரு நாளும் சந்தைக்குப் போய் அந்தக் கறையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். கறை ஒரு முழமாயிற்று. அந்த எட்டு நாளும் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. யார் தலையில் விழும் என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் வந்து குவிந்திருந்த காலை. அவர் மீன் பகுதியின் நடுவில் வந்து நின்று கத்தினார்.

"எல்லாரும் வெளிய போங்க! கூரை விழப்போகுது! நாலுல இருந்து ஏழு வரைக்கும் எவளும் உக்காரப்படாது!"

யாரும் அசையவில்லை. ஒரு பெண் சிரித்தாள். "ஐயாவுக்கு என்ன ஆச்சு?"

"என் நாக்கு செத்துப்போச்சுட்டி! காய்ச்சல்ல செத்துப்போச்சு! உப்பு மணலப் போட்டுட்டேன்!"

"சும்மா இருங்கய்யா" என்றாள் குருசம்மாள், கத்தியை நிறுத்தாமலே. "உங்க நாக்காவது தப்பதாவது. உங்க நாக்க நம்பித்தான நாங்க உக்காந்திருக்கோம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். மீனுக்குப் போடுகிற கல்லுப்பு, சாக்கில் வாய் திறந்து கிடந்தது. கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். நறநறவென்று அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. விழுங்கினார். இன்னொரு பிடி அள்ளினார். உதடு வெடித்து ரத்தம் வந்தது. அதையும் மென்றார். மூன்றாவது பிடிக்குக் குனிந்தபோது சந்தையில் கத்திச் சத்தம்கூட இல்லை.

குருசம்மாள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்யா. துப்புங்க. துப்புங்கய்யா." பிறகு திரும்பிப் பார்த்து, "எந்திரிங்க எல்லாரும்" என்றாள்.

ஒவ்வொருத்தியாகக் கூடையைத் தூக்கினார்கள். ஒருத்தியும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறுபடியும் ரோட்டோர வெயிலுக்குத்தான் போகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கதவோரத்தில் நின்றிருந்த என்னை ஒரு தடவை பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் பார்வை போன இடத்தை மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாலு வளைவையும் கொத்திப் பார்த்தார்கள். டிரைவர் மூஞ்சியைப் பார்த்து அவர் சொன்ன நாலாவது வளைவில் கம்பி துருவே இல்லாமல் புதுக்கம்பிபோல இருந்தது. ஆறாவதில் தோலுரிந்து, தொட்டால் உதிர்ந்தது. அதை இடித்தார்கள். அவருக்கு வேலை போயிற்று, பென்ஷனும் போயிற்று. சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊருக்குப் போனார். நாலு வருடம் கழித்து இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. முப்பது வருடம் பார்த்து ஓய்வும் பெற்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அலுவலகத்தைத் திறந்து வாக்குமூலம் எடுத்தார்கள். எழுத்தர் யாரும் கிடைக்கவில்லை. இன்ஜினியர் என்னைப் பார்த்து, நீயே எழுது என்றார். நான் தாளை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். வீங்கிய உதட்டோடு அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நாலாவது முதல் ஏழாவது வரை எல்லா மணலையும் தானே பார்த்துத் தானே அனுமதித்ததாகச் சொன்னார். எழுதினேன். என் கை அவர் சொன்ன வேகத்துக்கே ஓடியது.

"இந்த நாக்கு விஷயம் வேற யாருக்காவது தெரியுமா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

நான் பேனாவை நிறுத்தினேன். என்னைப் பாருங்கள் என்று ஓவர்சியரிடம் மனதுக்குள் கெஞ்சினேன்; பார்த்தால் சொல்லிவிடுவேன். அவர் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தபடியே, "யாருக்கும் தெரியாது சார்" என்றார். பிறகு, "எழுதிக்கோ தாயி" என்றார்.

வேறு எவருக்கும் தெரியாது என்று எழுதினேன்.